முதல் இலையில் யார் உட்காருவது?

1

ஜொகூர் பாரு கடைத்தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. "என்னம்மா, இன்னும் கப்பல் ஏறலையா?" கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுக் கத்திரிக்காய் பொறுக்க ஆரம்பிப்பேன். வேறென்ன செய்வது? 'நாங்கள் ஊரோடு போகிறோம், எல்லாரும் வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள்' என்று வீடு வீடாகச் சொல்லி வழியனுப்பு விருந்து போட்டவள் நான். வந்தவர்களில் பாதிப் பேர் கண் கலங்கினார்கள். இரண்டு பேர் மாலைகூடப் போட்டார்கள். அது நடந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

சாப்பாடு போட்டு ஊரை ஏமாற்றிய குடும்பம் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. தப்பு எங்கள் மேல் இல்லை. தப்பெல்லாம் தண்ணீர் மேல்.

எங்கள் வீட்டுக்காரர் சென்னையில் ரசாயனம் படித்து எம்.ஏ. பட்டம் வாங்கியவர். இங்கே அவருக்கு உத்தியோகம் கரியை எடை போடுவது. மாயவரத்தில் என் ஓர்ப்படி இதைக் கேட்டுவிட்டு, "இதுக்கா கடல் தாண்டிப் போனீங்க? நம்ம விறகுக் கடைக்காரர் பட்டம் வாங்காமலே போடறாரே" என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும், ஆகையால் சொல்கிறேன்.

செனாய்க்குப் போகிற சாலையில், அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு வெள்ளைக்காரரின் தொழிற்சாலை இருக்கிறது. கொட்டாங்கச்சியைச் சுட்டுக் கரியாக்கி, பழுக்கக் காய்ச்சி, நீராவியைச் செலுத்துவார்கள். அந்தக் கரியில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் கோடி கோடியாக உண்டாகும். கெட்ட வாடை, விஷக் காற்று எது பக்கத்தில் வந்தாலும் அந்தத் துவாரங்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சிங்கப்பூரில் இதை மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள். எந்தக் கரி எவ்வளவு காற்றைப் பிடிக்கும் என்று அளந்து சொல்வதுதான் இவருடைய வேலை. விறகுக் கடைக்காரர் இதைச் செய்யட்டும் பார்க்கலாம்.

தொழிற்சாலையில் இவருடைய பெயர் மிஸ்டர் மாயவரம். ஊர்ப் பெயரை முன்னால் போட்டு, சொந்தப் பெயரைப் பின்னால் போட்டு எழுதிக் கொடுத்தாராம். அவர்கள் முன்னால் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். அதைத் திருத்த மூன்று ஆபீசுக்கு நடந்தார். மூன்றாவது ஆபீஸ் என்னையும் மிஸஸ் மாயவரம் என்று பதிந்துகொண்டது. அதோடு விட்டுவிட்டோம். ஒரு முழு ஊரையே பெயராக வைத்துக்கொண்டிருப்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

2

எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் சிமெண்டுத் தரை. வெள்ளையும் சிவப்புமாகச் சதுரக் கட்டங்கள் போட்டிருக்கும். அந்தத் தரையை இவர் எங்களுக்கு விட்டுவைக்கவில்லை. சாயங்காலம் சைக்கிளை நிறுத்தியதும், என் டப்பாவிலிருந்து புளியங்கொட்டையை அள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எங்கள் பெண் பத்மாவும் எதிரே உட்காருவாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

"இந்தத் தரைதான் கரியோட சுவர். கொட்டைதான் காத்து. ஒரு கட்டத்துல ஒரு கொட்டைதான் உட்காரலாம். ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது" என்பார்.

"சண்டை போட்டா?" என்பாள் பத்மா.

"சண்டையும் கிடையாது, சிநேகமும் கிடையாது. பக்கத்துக் கட்டத்துல யாருன்னு கொட்டைக்குத் தெரியாது."

நாலு கட்டம், இரண்டு கொட்டை. எத்தனை விதமாக உட்கார வைக்கலாம்? பத்மா மாற்றி மாற்றி வைத்து ஆறு என்பாள். எந்தக் கொட்டை எந்தக் கட்டத்தில் என்று கேட்கக் கூடாதாம். எல்லாக் கொட்டையும் ஒன்றுதானாம். எத்தனை விதம் என்பதை மட்டும்தான் எண்ண வேண்டுமாம். கோடி கட்டத்துக்கும் கோடி கொட்டைக்கும் அப்படி எண்ணிவிட்டால், வெளியே காற்று இவ்வளவு நெருக்கமாக இருந்தால் உள்ளே இவ்வளவு கட்டம் நிரம்பியிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாமாம். சீமையில் ஒரு பேராசிரியர் கணக்காகவே போட்டுவிட்டார் என்று ஒரு சஞ்சிகையைக் காட்டினார். எனக்கு அதில் படம் ஒன்றும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அந்தக் கணக்கின் சாரம் ரொம்பச் சுலபம். முதலில் கட்டமெல்லாம் காலி, அதனால் மளமளவென்று நிரம்பும். போகப் போகக் காலி இடம் குறையும், நிரம்புவதும் மந்தமாகும். கடைசியில் உட்காருகிறவர்களும் எழுந்து போகிறவர்களும் சரிக்குச் சரியாகி நின்றுவிடும்.

விளையாட்டு முடிந்ததும் கொட்டையைப் பொறுக்கி வைக்கிற வழக்கம் மட்டும் இரண்டு பேருக்கும் கிடையாது. விளக்கேற்றப் போகும்போது என் காலில் குத்தும். "உங்க காத்து என் காலைக் கிழிக்குது" என்பேன். பத்மா, "அலமாக், அம்மா கட்டத்தை மிதிச்சிட்டாங்க, எல்லாம் ஹபிஸ்" என்பாள். அலமாக் என்றால் ஐயோ, ஹபிஸ் என்றால் தீர்ந்துபோயிற்று என்று மலாயில் அர்த்தம். அந்தக் குழந்தை 'தீர்ந்துபோச்சு' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்களோடு கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் குடியிருப்பில், ஓடி விளையாடி அவள் பேச்சு அப்படி ஆகிவிட்டது.

3

மழைக் காலத்தில் வந்தது வினை. சிங்கப்பூருக்குப் போன கரி மூட்டைகள் திரும்பி வந்தன. கரி ஈரத்தைக் குடித்துவிட்டது, வாடையைப் பிடிக்கவில்லை என்று புகார். எவ்வளவு ஈரம் குடிக்கும், எப்போது குடிக்கும் என்று அளந்து சொல்லும்படி தொழிற்சாலைத் துரை இவரிடம் சொன்னார்.

கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய சுருள்வில்லில் ஒரு துண்டுக் கரியைத் தொங்கவிட்டு, நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவார்கள். கரி ஈரத்தைக் குடித்துக் கனமானால் வில் நீளும். கணக்குப்படி முதலிலேயே வேகமாக நீள வேண்டும். இவர் பார்த்தபோது வில் அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் நீராவி விட்டார். அப்போதும் அசையவில்லை. பாதிக்கு மேல் போன பிறகு, யாரோ பிடித்து இழுத்த மாதிரி ஒரேயடியாக நீண்டது. திரும்பத் திரும்பச் செய்தார். திரும்பத் திரும்ப அதேதான்.

துரை அளவுகளைப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் வரைந்திருக்கிற கோட்டையும் பார்த்தார். "மாயவரம், நீர் பாதி நேரம் தூங்கிவிட்டு, விழித்த பிறகு அளந்திருக்கிறீர்" என்றாராம். ஒப்பந்தம் மூன்று மாதத்தில் முடிகிறது, இனி நீட்டிப்பதாக இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன விதம் எனக்கு மறக்காது. வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நான் தூங்கல" என்று மட்டும் சொன்னார். சாதம் போட்டேன், பிசைந்துகொண்டே, "தூங்கினேனோ?" என்றார். தன் கண்ணையே நம்பாத அளவுக்கு மனுஷரை உடைத்துவிட்டார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் துரை மட்டும் எதிரே இருந்திருந்தால் எனக்குத் தெரிந்த மலாயில் நாலு கேட்டிருப்பேன்.

"போனா போகுது. ஊருக்குப் போகணும்னு நான் எத்தனை வருஷமா சொல்றேன். இப்பவாவது போவோம்" என்றேன். நான் சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான். இந்த வெக்கையைப் பார்த்தால் ஊருக்குப் போகணும், இந்த அரிசியைப் பார்த்தால் ஊருக்குப் போகணும், வாழைப்பூ கிடைக்காத நாளில் ஊருக்குப் போகணும். எட்டு வருஷமாக என் வாயில் அதுதான்.

கப்பல் காகிதங்களுக்காக ஆபீசுக்கு நடந்தோம். அம்மை குத்திய சீட்டு எங்கே என்றார்கள், அதைக் கொண்டுபோனால் போட்டோ எங்கே என்றார்கள், போட்டோவைக் கொண்டுபோனால் ஆபீஸ் மூடியிருந்தது. ஒரு வழியாக மலாய் குமாஸ்தா ஒருவர் எங்களை உட்கார வைத்து, சொந்த ஊர் எது என்று கேட்டார். மாயவரம் என்றேன். அதுதான் பெயரென்று எழுதியிருக்கிறதே, ஊரைச் சொல்லுங்கள் என்றார். நான் விழித்துக்கொண்டிருக்கும்போது பத்மா முந்திக்கொண்டு "ஜொகூர்" என்றாள். அவர் சிரித்து அவள் கன்னத்தைத் தட்டி, "அனாக் ஜொகூர்" என்றார். ஜொகூர்ப் பிள்ளை என்று அர்த்தம்.

திரும்பி வரும்போது அவள் கேட்டாள்: "அம்மா, ஊருக்குப் போறோம் ஊருக்குப் போறோம்னு சொல்றீங்க. இது என்ன அப்போ?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன். அன்றைக்கு மத்தியானம் டிரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கும்போது எனக்குக் காரணம் தெரியாமல் அழுகை வந்தது. கரிப்புகை என்று நானே சொல்லிக்கொண்டேன். அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தது.

4

போகிறது என்று ஆனபின் ஊருக்கு ஒரு சாப்பாடாவது போட வேண்டாமா? எங்கள் வீட்டில் இடம் போதாது. தெருக்கோடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் தன் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையைக் கொடுத்தார். அவர் நாகூர்க்காரர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். மாயவரத்தில் இருந்திருந்தால் அவர் வீட்டு விருந்துக்கு நான் போவதும், என் வீட்டுப் பந்தியில் அவர் உட்காருவதும் நடக்கிற காரியமா? இங்கே அதை யாரும் யோசிப்பதுகூட இல்லை.

சமையல் என் பொறுப்பு. பந்தி இவர் பொறுப்பு. அங்கேதான் நான் தப்புச் செய்தேன். கொட்டகையில் எல்லாரையும் ஒரே சமயத்தில் உட்கார வைக்க இடமில்லை. மனுஷர் கணக்குப் போட்டார். "வர்றவங்க வந்தபடி உட்காரட்டும், முடிச்சவங்க எழுந்து போகட்டும். காலியான இடத்துல புது இலை போடு. நிரம்பறதும் காலியாறதும் சரியாப் போயிடும். யாருமே காத்திருக்க வேண்டாம்" என்றார். புளியங்கொட்டைக் கணக்கேதான். வேலைக்கு உதவாத கணக்கு சாப்பாட்டுக்காவது உதவட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இலை போட்டாயிற்று. உப்பு, ஊறுகாய், பருப்பு எல்லாம் வைத்தாயிற்று. வந்தவர்கள் எல்லாரும் முற்றத்திலேயே நின்றார்கள்.

"உட்காருங்க சார்."

"இருக்கட்டும், அவரு உட்காரட்டும்."

"நீங்க பெரியவங்க, நீங்க முதல்ல."

"பரவால்ல லா, இப்பதான் பசியாறிட்டு வந்தேன்."

அத்தனையும் பொய். எல்லாருக்கும் நல்ல பசி. ஆனால் காலிப் பந்தியில் முதல் ஆளாகப் போய் உட்கார யாருக்குத்தான் வரும்? சோற்றுக்கு அலைகிறவன் என்றல்லவா நினைப்பார்கள்? சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. ஈ வந்து உட்கார்ந்தது, மனுஷர் உட்காரவில்லை. நான் விசிறியால் இலைகளை விசிறிக்கொண்டே இவரை முறைத்தேன்.

கடைசியில் காதர் பாய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். "தங்கச்சி, எனக்குப் பசி தாங்கல. நான் உட்காருறேன், யாரு என்ன வேணா நெனச்சுக்கட்டும்" என்று நடு வரிசையில் உட்கார்ந்தார். அவர் தம்பி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தம்பியைத் தெரிந்த தபால் ஆபீஸ்காரர் அவன் பக்கத்தில். அப்புறம் பார்க்க வேண்டுமே! காதர் பாயைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு, இலைக்கு இலை முழங்கால் இடிக்க, கொட்டகை ஒரு நொடியில் நிரம்பிப்போயிற்று. இடம் கிடைக்காதவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

சரி, சாப்பிட்டவர்கள் எழுந்து இடம் விடுவார்கள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்திருப்பது மரியாதையா? வரிசைக் கடைசியில் ரயில்வே சுப்பையா பிள்ளை பாயசத்தை அப்பளத்தோடு நொறுக்கி, கண்ணை மூடி ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்காக அந்த வரிசை முழுவதும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தது. அவர் இலையை மடித்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

இவர் ரசவாளியோடு நடுவில் நின்றுகொண்டிருந்தார். ரசம் சொட்டுச் சொட்டாக வேட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

"என்னங்க, ரசம் ஊத்துங்க. எதிர் வரிசையில ஆளுங்க காத்துட்டிருக்காங்க" என்றேன்.

"நான் தூங்கல" என்றார்.

"தூங்கினீங்கன்னு யாரு சொன்னா?"

"இல்லடி. தண்ணி இப்படித்தான் உட்காருது. கரி மேல தண்ணிக்கு ஆசையே கிடையாது. காலி கரியில முதல்ல போய் உட்கார அதுக்கு என்ன அவசியம்? ஆனா ஒண்ணு உட்கார்ந்துட்டா, அது பக்கத்துல உட்கார இன்னொண்ணுக்கு ஆசை. தண்ணிக்குத் தண்ணிதான் உறவு. பக்கத்துல யாருன்னு கொட்டைக்குத் தெரியாதுன்னு சொன்னேனே, அங்கதான் தப்பு."

இத்தனையும் சொன்னபோது அவர் முகம் இருந்த இருப்பு, கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. வாளியை வாங்கிக்கொண்டு நானே ரசம் ஊற்றினேன்.

அடுத்த பந்தியில் காதர் பாய் மனைவி என் கையைப் பிடித்து இழுத்து, ஆண்கள் எதிர் வரிசையில் இருக்கும்போதே தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். மாயவரத்தில் எங்கள் மாமனார் வீட்டில் நான் ஒரு விருந்திலும் சூடான சோறு சாப்பிட்டதில்லை. எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரத்தை வழித்துக்கொண்டு அடுக்களையில் உட்காருவோம். அன்றைக்கு என் வீட்டு விருந்தின் பாயசத்தை நானே சூடாகச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

5

அதற்கப்புறம் தரைக் கட்டங்களில் விளையாட்டு மாறியது. அடுத்தடுத்த கட்டத்தில் இரண்டு கொட்டை இருந்தால் அதற்குத் தனி மதிப்பு. எண்ணுவது பயங்கரக் கஷ்டமாம். ஒவ்வொருவருக்கும் சராசரியாக இத்தனை அண்டை வீட்டார் என்று வைத்துக்கொண்டு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். அந்தச் சீமைப் பேராசிரியரே வேறு எதற்கோ அதைச் செய்திருந்தாராம், கரிக்கு ஆகும் என்று இவருக்குத் தோன்றவில்லையாம். கணக்கு முடிந்தபோது, முதலில் அசையாமல் இருந்து பிறகு ஒரேயடியாக ஏறும் கோடு தானாக வந்தது.

ஆனால் காகிதக் கணக்கைக் காட்டினால் துரை நம்புவாரா? வந்த அளவுக்கு ஏற்ற மாதிரி கணக்கை ஜோடித்துவிட்டீர் என்பார். அதனால் இவர் ஒன்று செய்தார். துரையிடம் போய், இதுவரை யாரும் அளக்காத ஒன்றை முன்கூட்டியே சொன்னார். "ஏறினதைப் பார்த்து நீங்கள் நம்பவில்லை. இறங்குவதை நீங்களே பாருங்கள். நீராவியைக் குறைத்துக்கொண்டே வந்தால், எந்த அளவில் ஏறியதோ அந்த அளவில் தண்ணீர் எழுந்திருக்காது. பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னும் ரொம்பக் குறைத்த பிறகு எல்லாம் ஒன்றாக எழுந்து போகும்." பிள்ளையவர்களின் பாயசம்தான் அது. அதை மட்டும் துரையிடம் சொல்லவில்லை.

துரை பிடிவாதக்காரர், ஆனால் நேர்மையானவர். ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு குழாய்க்கு எதிரே பகல் முழுவதும் தானே உட்கார்ந்தாராம். நான் வீட்டில் எந்த வேலையும் ஓடாமல் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தேன். கட்டிய பெட்டிகள் கூடத்தில் இருந்தன. கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது. இவர் சொன்னபடி நடந்தால் தங்குவோம், நடக்காவிட்டால் கிளம்புவோம். எது நடக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்ளப் போனேன். போய் நின்றதும் வாய் தானாக ஒன்றைக் கேட்டுவிட்டது. கேட்டபிறகு எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

சைக்கிள் மணி கேட்டது. உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"எடை இறங்கவே இல்ல. ரொம்ப நேரம் அப்படியே நின்னுது. துரை என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. அப்புறம் சரசரன்னு இறங்கிடுச்சு. 'மாயவரம், நீர் தூங்கவில்லை'ன்னு கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. ஈரம் ஏற ஆரம்பிக்கிற அளவைத் தாண்டாம கிடங்கைக் காய வச்சா போதும், மூட்டை கெடாதுன்னு அவருக்கே புரிஞ்சிடுச்சு. இன்னும் மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம்."

இவ்வளவு பெரிய சந்தோஷத்தை ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி சொன்னார். கூடத்துப் பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் தூங்கலேன்னு ஆயிடுச்சு, எனக்கு அது போதும். நீ எட்டு வருஷமா கேட்டுட்டு இருக்கே. இன்னும் கையெழுத்துப் போடல. நாளைக்குப் போய் வேண்டாம்னு சொல்லிடறேன். ஊருக்கே போயிடலாம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தண்ணிக்கு என்ன ஆசை, கரிக்கு என்ன ஆசைன்னெல்லாம் கண்டுபிடிச்சீங்களே, நான் சொல்றது உங்களுக்கு விளங்கலையா? ஊருக்குப் போகணும்னு நான் சொன்னா, ஊரைப் பத்தி யாருகிட்டயாவது பேசணும்னு அர்த்தம். பெட்டி கட்டணும்னு யாரு சொன்னா?"

அவர் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். உள்ளேயிருந்து பத்மா எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள்.

"அப்போ உனக்கு என்ன வேணும், சொல்லு. இருக்கலாமா, போகலாமா?" என்றார்.

நாகப்பட்டினத்தில் என்னைக் கப்பலேற்றியபோது என் அப்பா சம்மதித்தார், மாமனார் சம்மதித்தார், இவர் சம்மதித்தார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் நான் முணுமுணுத்ததெல்லாம் அந்தக் கேள்வியை யாரும் கேட்காததற்குத்தான் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது.

"இருக்கலாம்" என்றேன்.